கிறிஸ்மஸ் கேக் தின்ற நாய்க்கு உப்புத் தண்ணீரா?

கேள்வி: எங்கள் நாய் பத்து கிலோ. நேற்றிரவு மேசையிலிருந்த கிறிஸ்மஸ் கேக்கில் பெரிய துண்டொன்றைத் தின்றுவிட்டது. இன்று ஓடியாடித் திரிகிறது. உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார் நாய்ச்சாமான் கடைக்காரர். நச்சை முறிக்கும் என்று ஒரு பவுடரும் தருகிறார். கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். உப்பு இரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். வாந்தி எடுக்க வைப்பது வைத்தியர் செய்கிற வேலை. இவ்வளவு நேரம் கழித்து அது உதவுமா என்பதையும் அவரே சொல்லட்டும். அந்தப் பவுடருக்கும் கேக்கிலுள்ள பிளம்ஸுக்கும், அதாவது காய்ந்த திராட்சைக்கும், ஒரு சம்பந்தமும் இல்லை. நத்தார் விடுமுறையில் அரச கால்நடை அலுவலகம் பூட்டு. அந்த இடைவெளியில் பவுடர் விற்கிறவர் டொக்டராகிவிடுகிறார்!

பயப்பட வேண்டியது பிளம்ஸுக்குத்தான். காய்ந்த முந்திரிகைப்பழம் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. முதல் நாள் துள்ளித் திரிந்த நாய் இரண்டாம் மூன்றாம் நாளில் சோர்ந்து, சலம் குறைந்து படுக்கும். அதனால் இன்றே தனியார் கிளினிக்குக்காவது கொண்டுபோங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்து, சேலைன் ஏற்றுவார்கள். சோர்வாக இருக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது ஈரலைக் கெடுக்கும்.

கஜு பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேக்கிலுள்ள கஜு நஞ்சில்லை. கொழுப்பு கூடுதல், நிறையத் தின்றால் வயிறு குழம்பும், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும் மகடேமியாக் கொட்டை வேறு, அது பின்னங்காலைத் தள்ளாட வைக்கும். ஆனால் நம் வீட்டுக் கஜுவைக் கண்டு நடுங்க வேண்டாம்.

புளிக்குப் பயப்படுங்கள். முந்திரிகையில் குற்றவாளி என்று இப்போது சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியில் தாராளமாக உண்டு. கரைத்துப் பிழிந்த சக்கையைப் பின்வளவில் கொட்டாதீர்கள். வெங்காயம் போட்ட கறியும் வேண்டாம், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. சொக்லேட்டும் அப்படித்தான். சீனி இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டோல் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் அரை மணித்தியாலத்திலேயே நாய் விழலாம். அந்தப் பெயர் பைக்கற்றில் எறும்பு எழுத்தில் இருக்கும், அதற்கு மேலேதான் விலைச் சீட்டையும் ஒட்டுகிறார்கள்.

கிளினிக்கில் முதல் இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தாலும் திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். மூன்றாம் நாள் வரை திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.