ஆளைக் கூட்டினால் கதிர் முந்துமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடராக இருக்கிறேன். என்னோடு சேர்த்து 4 பேர். ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங், ஸ்டாக், ஆன்லைன் ஆர்டர் மூன்றையும் தீபாவளிக்குள் முடித்துத் தருவதாக எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். இருப்பது 10 வாரம். என் கணக்குப்படி 20 வாரமாவது வேண்டும். கேட்டால், "ராத்திரி கொஞ்சம் கூட உக்காருங்க, வேணும்னா ரெண்டு ஃப்ரெஷரப் போட்டுத் தாரேன்" என்கிறார். வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை விடவும் வழியில்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் ஒரு கெட்ட செய்தி. உங்களிடம் 10 வாரம் இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஜவுளிக்கடையில் கூட்டம் தொடங்கிவிடும். அந்த நாட்களில் சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள், பில் போடுகிற பையனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அந்த நேரத்தில் கல்லாவில் புது மென்பொருளை ஏற்ற எந்தக் கடைக்காரரும் விடமாட்டார், விடவும் கூடாது. ஆகவே உங்கள் உண்மையான கெடு 6 வாரம்.

பேச்சைத் தொடங்க உங்களுக்கு வழிவிடுவதும் இந்தக் கெட்ட செய்திதான். நான் பார்த்த வரை, கடைக்காரர் கேட்டது ஒன்றாக இருக்கும். ஆர்டர் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று நம் ஆள் மூன்றுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார். முதலாளியையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள். அவரைத் தாண்டிப் போனால் அது வேறு வம்பு. போய், "அண்ணாச்சி, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி கல்லால என்ன நடந்தா உங்களுக்கு நிம்மதி?" என்று கேளுங்கள். பில் தாமதமில்லாமல் வர வேண்டும், கடை சாத்தும்போது கணக்கு இடிக்கக் கூடாது என்பார். ஆன்லைன் ஆர்டர் அந்தப் பதிலில் வராமலே போகலாம்.

அதற்குப் போகும் முன் ஒரு வேலை. 20 வாரம் என்பது இப்போது உங்கள் மனக்கணக்கு, முதலாளி காதில் அது வெறும் புலம்பலாகத்தான் விழும். மொத்த வேலையையும் இரண்டு நாளுக்கு மேல் போகாத துண்டுகளாக உடைத்து ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர், பழைய ஸ்டாக்கைப் புதிதில் ஏற்றுவது, கடைப் பையன்களுக்குப் பழக்கிக் கொடுப்பது, இவையெல்லாம் எப்போதும் விட்டுப்போகும். ஷீட்டை முன்னால் வைத்துக்கொண்டு "முடியாது" என்று ஆரம்பிக்காதீர்கள். "6 வாரத்தில் பில்லிங்கும் சரக்கு வரவும் வரும். ஸ்டாக் ரிப்போர்ட்டுகள் தீபாவளி கழித்து. ஆன்லைன் தை மாதக் கடைசியில். வரிசையை மாற்ற வேண்டுமானால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம்." இவ்வளவுதான். தேதியில் கை வைத்தால் அவர் மானப் பிரச்சினை ஆக்குவார். தேதிக்குள் என்ன வரும் என்பதைப் பேசினால் வியாபாரப் பேச்சு ஆகும், அது அவருக்கு நன்றாகவே வரும். பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரியில் மெயில் போட்டுவிடுங்கள். இதெல்லாம் இந்த வாரமே நடக்க வேண்டும். ஐந்தாம் வாரம் சொன்னால் அது எச்சரிக்கை ஆகாது, சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சரி, அந்த இரண்டு ஃப்ரெஷர்கள். அம்பை 16 நெல் விளைய 110 நாளுக்குக் குறையாது. நடவுக்கு ஆள் கூட்டினால் மூன்று நாள் வேலை ஒரு நாளில் முடியும். வயலில் எத்தனை பேர் நின்றாலும் கதிர் முந்தி வராது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருளை நடத்தியவர் ஃப்ரெட் புரூக்ஸ். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவைத்துவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஏற்கெனவே மூச்சு முட்டுகிற நீங்கள்தான். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளை எண்ணுங்கள்: 4 பேருக்கு 6 ஜோடி, 6 பேருக்கு 15. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நடவு வேலை உங்களிடமும் இருக்கிறது: சரக்குப் பட்டியலை ஏற்றுவது, பழைய பில்களைப் புது மென்பொருளில் அடித்துத் தொகை ஒக்கிறதா என்று பார்ப்பது. அவர்களை அங்கே விடுங்கள். புரோகிராம் எழுத வேண்டாம்.

அந்தப் பில் சரிபார்ப்பைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. வரிக்கு முந்தைய விலை 2,600 ரூபாய் உள்ள சுடிதாருக்குப் பில்லிலேயே 10 சதவீதம் தள்ளுபடி போட்டால் விலை 2,340. வரி 5 சதவீதம்தான். தள்ளுபடிக்கு முன்பே வரி விகிதத்தை எடுத்துக்கொண்டால், அண்ணாச்சி வாடிக்கையாளரிடம் 18 வாங்கிக்கொண்டிருப்பார். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் இந்தப் பிழை ஒரு நாளில் எத்தனை பில்லில் விழும்!

இந்த மாதிரிப் பிழை பெரும்பாலும் ராத்திரி ஒரு மணிக்குமேல்தான் பிறக்கும். சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ஏழு வாரம் அப்படி உட்கார்ந்தோம். எட்டாவது வாரம், எங்களில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து நிஜத்தில் டெலீட் ஓட்டினான். திரையில் இரண்டு ஜன்னல், இரண்டும் ஒரே கறுப்பு. நான் பின்னால் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பேக்கப் எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காகிதத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க மூன்று நாள். ஆகவே கடையில் ஏற்றுகிற அந்த ஒரு வாரம் மட்டும் ராத்திரி உட்காருங்கள். அப்போதும் ஒன்பது மணிக்குமேல் நிஜ டேட்டாபேஸைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லியும் "மூணும் வேணும், அதே தேதி" என்று முதலாளி நின்றால், ரெஸ்யூமைத் தூசி தட்டுங்கள். அது துரோகம் இல்லை. தவணை கட்டுகிறவர் அடுத்த வேலை கையில் வந்த பிறகு இந்த வேலையை விடலாம், அவ்வளவுதான். அதுவரை பில்லிங்கை மட்டும் முதலில் எழுதுங்கள், அவர் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும். ஆறாவது வாரம் ஒரே ஒரு கவுன்டரில் ஓட்டிப் பாருங்கள். மற்ற கவுன்டர்களில் பழைய மென்பொருள் அப்படியே ஓடட்டும். தீபாவளிக் கூட்டம் வடியும் வரை அதை எந்தக் கணினியிலிருந்தும் எடுக்காதீர்கள்.