பஞ்சாயத்தில் அத்துவிட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: என் தங்கையையும் அவள் கணவரையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசிப் பிரித்துவிட்டோம். பத்திரத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கியாகிவிட்டது. 'வழக்கப்படி நடந்த விவாகரத்து செல்லும்' என்று பத்திரிகையில் படித்தேன். நாங்கள் இந்துக்கள். தங்கைக்கு மறுமணம் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாப்பிள்ளை பாருங்கள், தேதி குறித்துவிடாதீர்கள்.

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல, பாதிதான். ஒரு தலைவர் காலையில் நடக்கப் போவதும் பத்திரிகைக்கு 'வழக்கம்', ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பதும் 'வழக்கம்', நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமூக விதியும் 'வழக்கம்'. சட்ட பலம் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான். எந்த வழக்கம் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, வழக்கப்படி விவாகரத்து பெறும் உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரி பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். "எங்கள் பக்கத்தில் நாலு பேர் இப்படித்தான் அத்துவிட்டார்கள்" என்பது போதாது. யார், எப்போது, யார் முன்னிலையில் பிரிந்தார்கள், பிறகு மறுமணம் செய்தார்களா, அதைச் சமூகம் ஏற்றதா என்று சாட்சி வைத்துக் காட்ட வேண்டும். இது இன்று நேற்று வந்த கண்டிப்பும் அல்ல. 1868-இல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், எழுதிய சாஸ்திரத்தைவிட வழக்கமே மேல் என்றது. அப்போதும் 'தெளிவாக நிரூபித்தால்' என்று சொல்லித்தான் தீர்ப்பளித்தது. உங்கள் சமூகத்தில் அப்படி உறுதியான வழக்கம் இருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, திருமணம் முறிந்துவிட்டது என்று அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். தீர்ப்பு கையில் வந்தபின் கல்யாணம் வைக்கலாம்.

நோட்டரி முத்திரையை நம்பவே நம்பாதீர்கள். கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்குத்தான் அது சாட்சி. தாலியை இறக்கும் அதிகாரம் எந்த நோட்டரிக்கும் கிடையாது. விவாகரத்துப் பத்திரம் போட்டுத் தரக்கூடாது என்று 2024-இல் மத்திய சட்டத் துறையே எச்சரித்தது. ஆனாலும் கோர்ட்டு வாசலில் "ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்று பணம் பிடுங்கும் புரோக்கர்கள் குறையவில்லை. அதை நம்பி மறுமணம் செய்தால், அந்தக் கல்யாணம் செல்லாது. முதல் கணவர் புகார் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

கணவரும் சம்மதம் என்பதால், உங்களுக்குச் சுலபமான வழி பரஸ்பர சம்மத விவாகரத்துதான். ஓராண்டு பிரிந்திருந்தால் மனுப் போடலாம். அதற்குப் பிறகும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். தகுந்த காரணம் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு மனுக் கொடுங்கள். இருவரும் ஒத்துக்கொண்ட பிறகும் வாய்தா மேல் வாய்தா போட்டு இழுத்தடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்தத் தாமதத்தை வைத்துத்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அப்புறம், அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்று காட்ட அது உதவும். நகை, சீர் திரும்ப வந்திருந்தால் அந்த விவரத்தையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். கணவரின் மனம் மாறுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.