கீமோ வேண்டுமா என்பதைக் கட்டியே சொல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது, மாதவிடாய் நின்று பல வருடங்களாகின்றன. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று வாரங்களாகின்றன. ஹோமோன் ஏற்பி உண்டு (கட்டி ஹோமோனால் வளரக்கூடியது), ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் புரதம்) இல்லை, அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் நோய் உண்டு என்று அறிக்கை சொல்கிறது. மரபணுப் பரிசோதனை செய்தால் கீமோவைத் தவிர்க்கலாம் என்கிறார் வெளிநாட்டிலுள்ள மாமா. காப்பை விற்றாவது செய்யலாமா? எனக்கும் நோய் வருமா என்பதை அது காட்டிவிடுமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் பல குடும்பங்கள் இந்தக் குழப்பத்தில் வீணாக அஞ்சுகின்றன. மாமா சொல்வது, தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வரும் பிஆர்சிஏ போன்ற மரபணு மாற்றங்களைத் தேடும் பரிசோதனையன்று; ஆகவே உங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அகற்றிய கட்டியிலிருந்து ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டில், 21 மரபணுக்கள் எவ்வளவு தீவிரமாக இயங்குகின்றன என்பதை அளந்து, 0 முதல் 100 வரை ஒரு புள்ளி தருவதே மாமா சொல்லும் ஒன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனை; புள்ளி கூடினால் நோய் திரும்பும் ஆபத்தும் கூடும். அம்மாவுக்குப் புதிதாக ஊசியோ கத்தியோ தேவையில்லை.

அம்மாவின் நிலைக்கு நேரடியாகப் பொருந்துவது, 2021இல் வெளியான ஆர்எக்ஸ்பொண்டர் ஆய்வு. ஒன்று முதல் மூன்று கணுக்களில் நோயிருந்து, புள்ளி 25 அல்லது அதற்குக் குறைவாக இருந்த, மாதவிடாய் நின்ற பெண்களில், கீமோ பெறாதவர்களில் 91.9 வீதத்தினரும் பெற்றவர்களில் 91.3 வீதத்தினரும் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர். அதாவது கீமோவால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கோ அதே ஆய்வில் கீமோ பயன் தந்தது. ஆகையால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீமோ தேவைப்படவில்லை என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

காப்பை விற்கும் முன், புற்றுநோய் வைத்தியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: புள்ளியைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா? உடல்நிலை காரணமாக அம்மாவால் கீமோவைத் தாங்கவே முடியாது என்றாலோ, கீமோ வேண்டாமென்று அவரே உறுதியாக இருந்தாலோ, அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. மாறும் என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். மெழுகுத் துண்டைப் பெற்று வெளிநாட்டுக்கு அனுப்பி முடிவு வர நாட்கள் செல்லும், கீமோ தேவைப்படுமானால் அது சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டுவது நல்லதன்று.

புள்ளி குறைவாக வந்தாலும் ஹோமோனைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆர்எக்ஸ்பொண்டர் ஆய்வில் கீமோ பெறாத பெண்கள் கீமோவைத்தான் தவிர்த்தார்கள். மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்தே அந்த ஆய்வு நடந்தது.