எட்டு வருடம் கழித்து மறுபடியும் லாரி: சம்பளத்துக்கா, சொந்த வண்டியா?

கேள்வி: சங்ககிரி பக்கம் ஒரு கிராமம். வயது 44. பதினாலு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினேன். 2017-ல் அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊரிலேயே மளிகைக் கடை போட்டேன். அப்பா தவறிவிட்டார், கடையும் ஓடவில்லை, மூடப்போகிறேன். டெபாசிட்டில் 7 லட்சம் இருக்கிறது, மனைவியிடம் 11 பவுன். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. பழைய முதலாளி கூப்பிடுகிறார்; சம்பளம், பேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 30,000 வரும் என்கிறார். ஒரு புரோக்கர், 2019 மாடல் 12 வீல் வண்டி 18 லட்சத்துக்கு இருக்கிறது, 6 லட்சம் கட்டினால் மீதி 12 லட்சத்துக்கு ஃபைனான்ஸ், 10 சதவீத வட்டி, மாதம் 35,000 வீதம் 48 டியூ என்கிறார். “நீங்களே ஓட்டினால் டிரைவர் சம்பளம் மிச்சம்” என்பது அவர் வாதம். என் ஹெவி லைசென்ஸ் 2019-லேயே முடிந்துவிட்டது. எது சரி?

பதில்: இந்த வருடம் வண்டி வாங்காதீர்கள். பழைய முதலாளியிடம் சம்பளத்துக்குப் போங்கள். ஒரு வருடம் ஓட்டிய பிறகு வண்டி வாங்குவதைப் பற்றிப் பேசலாம். நீங்கள் முதலாளி ஆகக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பதினாலு வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அந்த ஆசை நியாயமானது. ஆனால் புரோக்கர் காட்டும் கணக்கில் ஓட்டைகள் இருக்கின்றன.

முதலில் வட்டி. 10 சதவீதம் என்று அவர் சொல்வது ஃபிளாட் வட்டி. 12 லட்சத்துக்கு வருடம் 1,20,000, நான்கு வருடத்துக்கு 4,80,000. மொத்தம் 16,80,000, அதை 48-ஆல் வகுத்தால் 35,000. மாதா மாதம் அசலையும் அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் கடைசி டியூ வரை முழு 12 லட்சத்துக்கும் வட்டி போகிறது. வங்கி சொல்வது போல, குறையும் பாக்கிக்கு வட்டி என்று போட்டால் இது ஏறத்தாழ 17.5 சதவீதம். எந்த ஃபைனான்ஸிலும் “ரெட்யூசிங் கணக்கில் எத்தனை சதவீதம்?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, “டிரைவர் சம்பளம் மிச்சம்” என்ற பேச்சு. இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். உங்கள் உழைப்புக்கு வெளியே 30,000 கிடைக்கிறது. சொந்த வண்டியில் உட்கார்ந்தால் அந்த 30,000-ஐ விட்டுவிட்டுத்தான் உட்காருகிறீர்கள். ஆகவே டீசல், டோல், லோடு ஏற்று இறக்குக் கூலி, வழிச்செலவு எல்லாம் போக மாதம் 65,000 மிஞ்சினால்தான் டியூவும் உங்கள் கூலியும் சரிக்குச் சரி. 6 லட்சம் டெபாசிட்டில் இருந்தால் வந்திருக்கும் வட்டியும் இதற்கு மேல். அப்புறம் இன்சூரன்ஸ்: 20 முதல் 40 டன் மொத்த எடையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 44,000-ஐ ஒட்டி வரும், ஃபைனான்ஸ் வண்டி என்பதால் முழு இன்சூரன்ஸும் எடுத்தாக வேண்டும். நேஷனல் பர்மிட்டுக்கு வருடம் 16,500. காலாண்டு வரி. எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), 2019 வண்டி என்றால் 2027 முதல் வருடா வருடம். டயர் 12, ஒன்று 20,000 என்று குறைத்தே வைத்தாலும் ஒரு செட் 2,40,000.

நான்கு வருடம் கழித்து வண்டி உங்கள் பெயரில் கடனில்லாமல் நிற்கும் என்பது உண்மை. அது ஒரு சொத்துதான். ஆனால் அப்போது அதற்கு பத்து வயது தாண்டியிருக்கும். அதற்குக் கிடைக்கும் விலையை இன்றைய கணக்கில் பெரிதாக ஏற்றாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது, 6 லட்சம் கட்டிய மறுநாள் உங்கள் கையில் இருக்கப்போகும் 1 லட்சம். சங்ககிரியிலிருந்து மும்பை போய்வர சுமார் 2,400 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 3.75 கிலோமீட்டர் கொடுத்தால் 640 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசல் மட்டும் 59,000 பக்கம். இரண்டு டயர் மாற்றினால் 40,000. அந்த 1 லட்சம் முடிந்தது. டோல் இன்னும் கட்டவில்லை. வாடகையில் அட்வான்ஸ் வரும், ஆனால் அது டீசலுக்கே போய்விடும். பேலன்ஸ், லோடு இறக்கிய ரசீது போய்ச் சேர்ந்து, பில் பாஸாகி வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகும். டியூ தேதி அதற்காகக் காத்திருக்காது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நான்கு நாள் நின்றாலும், உங்களுக்கே காய்ச்சல் வந்தாலும் 35,000 கட்டியாக வேண்டும். அந்த இடத்தில்தான் கை மனைவியின் 11 பவுனைத் தேடிப் போகும். பிளஸ் டூ முடித்து மகள் கல்லூரிக்குப் போகப்போவதும் அதே சமயத்தில்தான். வண்டி நல்ல வண்டியாக இருந்தும், ஓட்டுபவர் நல்ல உழைப்பாளியாக இருந்தும் டியூ கட்ட முடியாமல் பறிபோகும் லாரிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.

நீங்கள் விட்டுப்போன தொழிலும் இப்போது அதே தொழில் இல்லை. 2018 ஏப்ரலில் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ஜி.எஸ்.டி. சீட்டு, வந்தது. இப்போது ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் அதற்கு ஆயுள். வழியில் பிரேக்டவுன் ஆகி நேரம் போனால் நீட்டிக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். டோல் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதத்தோடு கட்ட வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்-ப்ளூ திரவம் என்று புதுச் செலவுகள். முக்கியமானது ஓவர்லோடு. 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதிகச் சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. 2018-ல் அனுமதி எடையை அரசு உயர்த்தியது, அதற்கு மேலும் ஏற்றி லாபம் பார்க்கும் பழைய கணக்கு இன்று ஆபத்தானது. உங்கள் மனதில் இருக்கும் வாடகை, மைலேஜ், லாபம் எல்லாம் 2017-ஆம் வருடத்து எண்கள். அடுத்தவர் வண்டியில் ஒரு வருடம் ஓட்டினால் இன்றைய எண்கள் உங்கள் கைக்கு வரும், அதற்குச் சம்பளமும் வரும்.

சரி, செய்ய வேண்டியது லைசென்ஸிலிருந்து தொடங்குகிறது. முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் வெறும் புதுப்பித்தல் நடக்காது, ஆர்.டி.ஓ. முன்னால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். கண்ணையும் சர்க்கரையையும் அதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். கார் லைசென்ஸை வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்கலாம். அப்போது போவது வீடும் நிலமும். கை பழக நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். இதற்காகும் செலவுதான் இந்த வருடம் நீங்கள் செய்யப்போகும் மிக நல்ல முதலீடு.

முதலாளியிடம் சேரும் முன் சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வண்டி நிற்கும் நாட்களில் பேட்டா இருக்காது, எனவே 30,000 எல்லா மாதமும் வராது. குடும்பத்தைச் சம்பளத்தை நம்பி ஓட்டுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு கடன் கேட்கும்போது அந்த ஸ்டேட்மென்ட் பேசும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

7 லட்சத்தில் 2 லட்சத்தை மகள் படிப்புக்கென்று தனி டெபாசிட்டாகப் பிரித்துவிடுங்கள், வண்டிப் பேச்சு வரும்போது அந்தப் பணம் இல்லாததாக நினையுங்கள். 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். தொழில் என்ற இடத்தில் லாரி டிரைவர் என்றே எழுதுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வங்கியில் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் போட்டுவிடுங்கள், 2 லட்சம் கிடைக்கும். ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

ஒரு வருடம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால், முன்பணம் போக 3 லட்சம் தனிக் கணக்கில் நிற்கும் நிலை வந்த பிறகு வண்டி பாருங்கள். அதே 2025 செப்டம்பரில் புது லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியபோது பழைய வண்டிக்காரர் பழைய விலையையே கேட்பது நியாயமில்லை, அழுத்திப் பேரம் பேசுங்கள். ஆர்.சி. விவரத்தை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு வரி பாக்கி, அபராதம், முந்தைய ஃபைனான்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி. (பாக்கி இல்லை, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறும் வரை முதல் லோடு ஏற்ற வேண்டாம்.