நடைபவனிக்கு யாரிடம் கடிதம் கொடுப்பது?

கேள்வி: வவுனியா வடக்கில் கண்டி வீதியோரம் இருக்கும் எங்கள் பாடசாலைக்கு இது பவள விழா ஆண்டு. ஓகஸ்ட் மாதம் 15ஆம் திகதியை ஒட்டிவரும் சனிக்கிழமை காலை, பழைய மாணவர்களும் இப்போதைய மாணவர்களுமாக 600 பேர் வரை நடைபவனி போக எண்ணியிருக்கிறோம். பாண்ட் வாத்தியம், உழவு இயந்திரப் பெட்டிகளில் 4 அலங்கார ஊர்திகள், ஒலிபெருக்கி, முடிவில் பிரதேச சபை மைதானத்தில் கூட்டம் என்பது திட்டம். சபைக்குப் போனால் பொலிஸுக்குப் போகச் சொல்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் சபையின் கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள். உண்மையில் அனுமதி தருவது யார்? எத்தனை நாளுக்கு முன் கேட்க வேண்டும்?

– பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: உள்ளூராட்சி அலுவலகங்களில் பல ஆண்டுகள் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த அலைச்சல் உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. கோயில் தீர்த்த ஊர்வலம், மரதன் ஓட்டம், மே தினப் பேரணி என்று எதற்குப் போனாலும் முதல் வாரம் இப்படித்தான் கழியும். யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவானால் அலைச்சல் பாதியாகக் குறைந்துவிடும்.

வீதியால் ஊர்வலம் போவது பொலிஸ் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விடயம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. அதன் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தலைத்தான். ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு மிக அண்மையில் இருக்கும் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு, தொடங்கும் நேரத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் முன்னதாக அறிவித்திருக்க வேண்டும். அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமையாக இருக்கிறது. அறிவிப்பவருக்கும் இரந்து கேட்பவருக்கும் உள்ள இடைவெளியை நம் சங்கங்கள் மறந்துவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. "தயவுகூர்ந்து அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். "நடைபவனி பற்றிய அறிவித்தல்" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அதற்காக எப்படியும் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொது ஒழுங்கைக் காப்பதற்குத் தேவை என்று கருதினால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஊர்வலத்தைத் தடுக்கலாம், நிபந்தனையும் விதிக்கலாம். கொடி, பதாகை, சின்னம் ஆகியவற்றைப் பற்றிய நிபந்தனையும் அதில் அடங்கும். எந்த வீதியால், எந்த நேரத்தில் போவது என்று நெறிப்படுத்தும் அதிகாரம் 78ஆம் பிரிவில் பொலிஸாருக்கு இருக்கிறது. இந்தப் பணிப்புகளை வாய்மொழியாகச் சொல்லவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே நீங்கள் எழுத்தில் ஆக்கிவிடுங்கள். "இன்று காலை தாங்கள் கூறியபடி இடது ஓரமாக மட்டும் செல்வோம்" என்று இரண்டு வரிக் கடிதம் போதும். நாளைக்குப் பொறுப்பதிகாரி மாறினாலும் கோப்பில் அது இருக்கும்.

அறிவித்தல் கடிதத்தில் எதை எழுதுவது? நோக்கம், திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், எத்தனை வாகனங்கள், ஒவ்வொன்றின் இலக்கம், போகும் வழி, எங்கே கலைவது, பொறுப்பாக நிற்கும் மூவரின் பெயரும் தொலைபேசியும். வழியை எழுத்தில் சொல்வதோடு நிற்காமல் ஒரு தாளில் வரைந்து இணையுங்கள். வரைவதற்கு முன், நடைபவனி போகும் அதே நேரத்தில் அந்த வழியைக் கையில் கடிகாரத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கண்டி வீதியில் கொழும்புப் பஸ்கள் எப்படி வருகின்றன, எந்த மதகருகே வீதியோரம் ஒடுங்குகிறது, எந்தச் சந்தியில் நிழல் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சிறு பிள்ளைகளும் வரும் 600 பேர், நான்கு பேராக வரிசை பிடித்தாலும் நீண்ட தொடராகத்தான் இருப்பார்கள். தலை மதகைத் தாண்டும்போது வால் எங்கே நிற்கும் என்று போக்குவரத்துப் பொலிஸார் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் விடை இருந்தால் பேச்சு இலகுவாகிவிடும்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதி, நேரம், கையொப்பம், முத்திரை வாங்குங்கள். நான் கோயில் சபை ஒன்றில் இளைஞனாக இருந்த காலத்தில், ஓர் அலுவலகத்தில் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். ஊர்வலத்துக்கு முதல்நாள் மாலை, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். சப்பரம் சோடித்தபடி நிற்க, இரவு முழுவதும் நானும் தலைவரும் சைக்கிளில் ஓடித் திரிந்தோம். அன்றிலிருந்து முத்திரை விழாத பிரதியை நான் நம்புவதில்லை. கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பொறுப்பதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால், உதவிக்காகச் சிங்களத்தில் ஒரு பிரதி இணைப்பது நல்லுறவுக்கு நல்லது. அது உங்கள் விருப்பம், கடமை அல்ல.

கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலாளரின் கடிதம் என்று கேட்கிறார்கள் என்றால், கிடைப்பதைக் கொடுங்கள். ஊருக்குள் உங்களை அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட அவை உதவும். ஆனால் 77ஆம் பிரிவின் அறிவித்தலுக்கு அவை முன்நிபந்தனை அல்ல. அந்தக் கடிதங்களுக்காகக் காத்திருந்து அறிவித்தலைப் பிந்தவிடாதீர்கள்.

6 மணித்தியாலம் என்பது சட்டத்தின் கீழெல்லை. நடைமுறையில் மூன்று வாரம் முன்பே கொடுங்கள். கண்டி வீதியில் ஒரு பக்கத்தை மறித்து வாகனம் விட ஆள் வேண்டும். சிறிய பொலிஸ் நிலையத்தில் அதற்கு ஆள் ஒதுக்க நாள் எடுக்கும். இங்கேதான் உங்கள் திகதி எனக்கு உறுத்துகிறது. ஓகஸ்ட் 15 மடு மாதாவின் பெருவிழா. அதை ஒட்டிய நாட்களில் யாத்திரிகர் பஸ்களும் வான்களும் கண்டி வீதியை நிறைக்கும், வன்னிப் பொலிஸாரில் ஒரு பகுதியினர் மடுவில் நிற்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் கூட்டமும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமானால் தள்ளிவிடுங்கள். அந்த நாளில் பரீட்சை ஏதும் இல்லை என்பதையும் அதிபரிடம் உறுதிசெய்யுங்கள். பரீட்சை மண்டபத்தருகே பாண்ட் வாத்தியம் அடித்துப் போவது எந்தப் பாடசாலைக்கும் பெருமை அல்ல.

ஒலிபெருக்கி வேறு கதை. இதற்கு அறிவித்தல் போதாது. 80ஆம் பிரிவின்படி பொலிஸிடம் அனுமதிப் பத்திரமே வாங்க வேண்டும், அதற்குத் தனி விண்ணப்பம். எத்தனை ஒலிபெருக்கி, எந்த இடத்தில், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று எழுதுங்கள். 2007இல் உயர் நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய வழக்கில் இட்ட கட்டளைக்குப் பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கிடைக்காது. உங்களுடையது காலை நிகழ்வு என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டு ஊரை எழுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

இனிப் பிரதேச சபை. சபை உங்களைப் பொலிஸுக்கு அனுப்பியது சரிதான், ஆனால் முழுச் சரி அல்ல. சபைக்குச் சொந்தமானவற்றுக்கு சபையிடம்தான் கேட்க வேண்டும். மைதானம், சபை வீதிகள், சந்தை வளவு, பஸ் தரிப்பிடம் ஆகியவை அதில் அடங்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சபையும் தன் உபவிதிகளைக் கொண்டிருக்கும், ஆகவே மைதான வாடகையும் வைப்புப் பணமும் சபைக்குச் சபை மாறும். கரைச்சிச் சபையில் கட்டிய தொகையை நெடுங்கேணியில் உள்ள உங்கள் சபையில் சொல்லி வாதாடுவது வீண். சபையின் செயலாளருக்கு எழுதி, விளம்பரப் பதாகை, வீதியின் குறுக்கே கட்டும் வளைவு, குப்பை அகற்றல், தண்ணீர் பவுசர் ஆகிய நான்கையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். உபவிதியின் பிரதி தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

கண்டி வீதி சபையின் வீதி அல்ல. ஏ9 ஆக அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. வளைவோ மேடையோ அந்த வீதியின் எல்லைக்குள் வருமானால் அவர்களின் பொறியியலாளர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்க வேண்டும். தார் விளிம்பைத் தோண்டிக் கம்பம் நடுவது கூடவே கூடாது. கிளை வீதியால் போனால் அது மாகாண வீதியா, சபை வீதியா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். என் கருத்தைக் கேட்டால், நடைபவனியின் பெரும்பகுதியைக் கிளை வீதியில் வைத்து, கண்டி வீதியில் அரைக் கிலோமீற்றர் மட்டும் போவது மேல். ஊர்ச் சனம் நின்று பார்ப்பதும் கிளை வீதி வேலியோரத்தில்தான்.

பொலித்தீன் தோரணம் கட்ட நினைத்திருந்தால் மாற்றுங்கள். நிகழ்வு அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது 2017 செப்ரெம்பர் முதல் தடை. துணியும் தென்னங்குருத்தும் போதும். வன்னியில் தோரணம் பின்னத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, பிள்ளைகளும் பழகட்டும்.

அலங்கார ஊர்திகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உழவு இயந்திரப் பெட்டி தரையிலிருந்து இடுப்பளவுக்கு மேல். அதன் மேல் கமுகஞ்சிலாகையால் கோபுரம் கட்டி, உச்சியில் கலசம் வைத்து, கலசத்தில் கொடிக் கம்பியும் செருகுவார்கள். சோடிக்கும் கொட்டகைக்குள் அது அழகாக இருக்கும். வீதியில் மின்கம்பி தொய்ந்து தொங்கும் இடத்தில் அந்தக் கொடிக் கம்பிதான் முதலில் தொடும். கட்டி முடித்ததும் உச்சி உயரத்தை நாடா பிடித்து அளந்து, வழியில் கம்பி தாழ்ந்த இடங்களைக் குறித்து, அண்மைய மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தேவைப்பட்டால் அந்த அரை மணி நேரம் மின்னைத் துண்டிக்கக் கேளுங்கள். தடியால் கம்பியை உயர்த்திப் பிடிக்க ஒரு பையனை மேலே ஏற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும். அதைச் செய்யவே விடாதீர்கள். பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் உள்ள கொழுக்கிக் கம்பியில் எவரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் பெரியவர் ஒருவர் நடக்கட்டும், வேட்டிக்குப் பதில் காற்சட்டையோடு. வழி எங்காவது ரயில் கடவையைத் தாண்டுமானால், அண்மைய நிலைய அதிபருக்கு நேரத்தைச் சொல்லாமல் ஒரு ஊர்தியையும் நகர்த்த வேண்டாம்.

மாணவர்களை வெளியே அழைத்துச் செல்வதற்கு அதிபர் வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுக்க வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். தாக சாந்தியும் சிற்றுண்டியும் கொடுக்கிறீர்கள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்பே சொல்லுங்கள். முதலுதவிக்கு ஆள் நிற்கட்டும், 1990 அம்புலன்ஸ் இலக்கம் ஒவ்வொரு பொறுப்பாளரின் தொலைபேசியிலும் இருக்கட்டும். ஓகஸ்ட் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை நடக்கவிடாதீர்கள். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் மைதானத்தில் இருக்கலாம்.

தடை வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்த மண்ணில் அதைச் சொல்லாமல் விட முடியாது. தடுப்பவர் எந்தத் தரத்து அதிகாரி, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளை எடுத்து வந்தால் அதை மீற வேண்டாம். அது வழமையில் 14 நாட்களுக்கே செல்லும். சட்டத்தரணி மூலம் அதே மன்றில் அதை மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதமே கால எல்லை. பாடசாலை நடைபவனிக்கு இவ்வளவு தூரம் போக நேராது என்றே நம்புகிறேன்.

நடைபவனி முடிந்த மறுநாள் காலை, பத்துப் பேரோடு போய் வழியிலும் மைதானத்திலும் கிடக்கும் கோப்பைகளையும் தோரணங்களையும் பொறுக்கிவிடுங்கள். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து மைதானத்தைக் காட்டி, அவர் கையொப்பமிட்ட தாளோடு வைப்புப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வாரங்கள் போனால் பழுது யாருடையது என்ற பேச்சு எழும்பும், பணமும் நின்றுவிடும்.