இறந்தவர்களின் ஆவி வழிகாட்டும் ஒரு கற்பனை மக்களை நீங்கள் உருவாக்கினால் எப்படி உருவாக்குவீர்கள்? அவர்களுக்கு எல்லாமே சுலபமாகிவிடாதா?

சுலபமாகாது. செத்தவருக்குச் சாகும்வரை என்ன தெரியுமோ அதுதான் செத்த பிறகும் தெரியும் என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதும். ரெண்டு வருஷமாக இப்படி ஒரு கூட்டத்தை வைத்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த யோசனை எங்கள் அப்பாயியிடமிருந்து வந்தது. எங்கள் ஊர் திருவாரூர் பக்கம், கடைமடை. தாத்தா இருந்தவரை எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும், யார் வயலுக்கு முதலில் மடை திறக்க வேண்டும் என்று அவரைத்தான் கேட்பார்கள். அவர் போன பிறகு அப்பாயி ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு உடனே உள்ளே வரமாட்டார், கொல்லையிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார். "ஏங்க, கேட்டுக்குங்க, மேலத்தெரு வயல வித்துட்டாங்க, பெரியவன் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, இந்த வருஷம் குறுவை இல்லை." எதுவும் வேண்டிக்கொள்ள மாட்டார். சேதி மட்டும்தான். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

என் மக்களுக்கு அதுதான் முழுநேர வேலை. அவர்களுக்கு முதலில் மடையர் என்று பெயர் வைத்தேன், மடை திறக்கிறவர்கள் என்ற அர்த்தத்தில். நண்பன் ஒருவன் படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தான். இப்போது துறையார்.

துறையார் வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும்போது கடைசியாக வாயில் பால் ஊற்றியது யாரோ, அவரிடம்தான் ஆவி வரும். மூத்த மகன், இளைய மகன் கணக்கெல்லாம் கிடையாது. இதிலேயே பாதி கதை வந்துவிடுகிறது. நல்ல விவசாயி சாகப்போகிறார் என்றால் பால் கிண்ணத்தோடு வாசலில் கூட்டம் நிற்கும், வாய் ஓயாத கிழவிக்கு ஊற்ற ஆள் கிடைக்காது.

நடுகல் வைக்கலாமே என்று தோன்றும். நானும் வைத்தேன், அப்புறம்தான் உறைத்தது, டெல்டாவில் ஏது கல்? தோண்டினால் வண்டல், இல்லாவிட்டால் மணல். பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. அதனால் பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டும்போதே ஒரு பூவரசம் போத்தும் வெட்டி வாய்க்கால் கரையில் ஊன்றுகிறார்கள். பதினாறாம் நாளுக்குள் துளிர் விட்டால் ஆவி வந்துவிட்டது. காய்ந்துபோனால் வரவில்லை, அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

எத்தனை நாள் கூட இருக்கும் என்பதற்கு நான் மூளையைக் கசக்கவில்லை. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குத்தானே எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம், அதே கணக்கு. நாலாம் தலைமுறை தலையெடுத்ததும் அந்த ஆவியை ஆற்றோடு கூட்டிப்போய்க் கடலில் விட்டுவிட வேண்டும். பூம்புகார் சங்கமத்தில் ஆடி அமாவாசைக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, சிக்கலுக்கு வருவோம். மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934இல். அதற்கு முன்னால் இருந்த ஆட்களுக்கு ஆடியில் வெள்ளம் வரும் என்பது சூரியன் உதிக்கிற மாதிரி. இப்போது எல்லோரும் ஜூன் 12 அன்று அணை திறப்பார்களா மாட்டார்களா என்று டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1930இல் செத்த ஒருவர் இன்று உங்கள் காதில் "ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் கரை தட்டும், விதையைத் தெளி" என்றால் என்ன ஆகும்? அவர் பொய் சொல்லவில்லை, உங்கள் மேல் அவ்வளவு பிரியம் வேறு. ஆனால் விதை நெல் மொத்தமும் காய்ந்துபோகும்.

இதைத்தான் துறையார் நாட்டுக்குள் கொண்டுவந்தேன். மேலே மலைநாட்டு அரசன் ஆற்றை மறித்துச் சுவர் எழுப்பிவிடுகிறான், கீழே எல்லா ஆவிகளும் ஒரே குரலில் தப்பாக வழி சொல்கின்றன. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, எந்த மதகு இடிந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்தது, யார் யாரோடு பேசுவதில்லை என்று செத்தவர்களுக்கு ஒருவர் சேதி படிக்கிறார். நாலு நாள் விட்டால் ஆவிக்குப் பழைய ஞாபகம் ஏறிவிடும். சேதி படிக்கச் சோம்பல்படும் வீடுகள்தான் முதலில் அழிகின்றன. மந்திரவாதி, சூனியம், போர் எதையும் நான் கிட்டவே சேர்க்கவில்லை, எனக்கு அதெல்லாம் அலுத்துவிட்டது.

இப்போது கதை நிற்கும் இடம் இது. பதினாலு வயதுப் பெண், தாத்தாவுக்கு அவள்தான் பால் ஊற்றினாள். அவர் தினமும் அவளுக்கு ஆற்றைப் பற்றிச் சொல்கிறார், எந்தச் சுழலில் எந்த மீன், எந்த மாதத்தில் தண்ணீர் என்ன நிறம் என்று. சுவர் எழும்பிய சேதியை அவள் இன்னும் அவரிடம் படிக்கவில்லை. படித்துவிட்டால் அவர் சரியாக வழி சொல்வார், ஆனால் அந்த ஆற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவார். நாற்றங்கால் விட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்துவிட்டேன்.