தோழிக்காக எழுதும் விண்ணப்பம்

அன்புள்ள ஐயா,

என் தோழி துணியில் தைத்துக் கலைப்படைப்புகள் செய்பவர். அவருக்கு எழுத வராது என்பதால் நல்கை (கலைப்பணிக்கான நிதியுதவி) விண்ணப்பங்களை நான் எழுதித் தருகிறேன். மூன்று முறை அனுப்பினோம், மூன்றும் நிராகரிக்கப்பட்டன. கடைசி விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் இணையதளத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுத அவருக்கும் சம்மதம். எங்கே தவறுகிறேன்?

ம.

அன்புள்ள ம.,

விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மொழி நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு பக்கங்களில் தோழி என்ன செய்யப்போகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ‘நிலத்துக்கும் நினைவுக்குமான உறவை விசாரிக்கும் படைப்பு’ என்று தொடங்குகிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: அணைநீரில் மூழ்கிய ஊரிலிருந்து வெளியேறிய 12 பெண்களிடம் பழைய வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அந்தக் கோடுகளை அவர்களுடைய பழைய துணிகளிலேயே தைக்கப்போகிறார். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வரியை முதலில் வையுங்கள்.

நானும் ஒரு தேர்வுக் குழுவில் இருந்திருக்கிறேன். இரவில் நாற்பதாவது விண்ணப்பத்தைப் பிரிக்கும்போது கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சி எழுந்தால்தான் மனம் நிற்கும். படிப்பவர் தோழியின் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. 1965இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்தில், கலையைத் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் கலை அறிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அவருக்கும் புரிய வேண்டும்.

அடுத்த முறை எழுத உட்காரும் முன் தோழியைப் பேச விடுங்கள். ஒரு மணி நேரம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முதல் நாள் காலையில் என்ன செய்வாய்? யார் கூட வருவார்கள்? கேட்டதில் பாதிப் பணம்தான் கிடைத்தால் எதை விடுவாய், எதை விடவே மாட்டாய்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறித் தடுமாறிச் சொல்லும் பதிலில்தான் பெரும்பாலும் திட்டத்தின் உயிர் இருக்கும். அவர் சொற்களை முடிந்தவரை அப்படியே வையுங்கள்.

அப்புறம் பட்ஜெட். 12 பெண்களைச் சந்திக்கப் போகிறார், பயணச் செலவு எங்கேயும் இல்லை. அவர்கள் தரும் நேரத்துக்கு ஒரு தொகை இல்லை. தோழியின் உழைப்புக்கும் ஊதியம் போடவில்லை. பல கலைஞர்கள் தங்கள் கூலியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். குழுவில் இருப்பவர்களுக்கு அது தியாகமாகத் தெரியாது, கணக்குப் போடாமல் அனுப்பிவிட்டார் என்றுதான் தோன்றும். விதிமுறையில் கலைஞர் ஊதியத்துக்கு இடமிருந்தால் தயங்காமல் போடுங்கள்.

மாதிரிப் படங்களில் பழைய ஓவியங்களை எடுத்துவிடுங்கள். தைத்த வேலைகள் மட்டும் போதும், நல்ல வெளிச்சத்தில், தையல் தெரியும்படி.

நிராகரித்தவர்களிடம் காரணம் கேட்டீர்களா? கேட்டால் நடுவர்களின் குறிப்புகளைத் தரும் அமைப்புகள் உண்டு. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிய வரைவை முதலில் தோழிக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘நான் இப்படிச் சொல்லமாட்டேன்’ என்று அவர் முகம் சுளிக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.